திரையில் ஒரு நடுகல்

தமிழ் இலக்கியம் கற்பிப்பவர்களுக்குப் பிளெண்டர் மென்பொருளில் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் வினவுகிறார்கள். இப்பதிவை அவ்வினாவுக்கான விடையாகக் கொள்ளலாம். கணினித் திரையில் சிற்பம் வடிக்கவும், வடித்ததன் மேற்பரப்பில் வண்ணம் தீட்டவும் ஓராண்டுக்கும் மேலாகப் பழகிவருகிறோம். நாங்கள் என்பது தமிழ்த்துறை ஆசிரியர் இருவரும் முதுகலை மாணவர் மூவரும். எங்களுள் எவரும் ஓவியக் கல்லூரி வாசல் மிதித்தவரல்லர். மென்பொருள் தந்த தொல்லைகளையும் அவற்றுக்குக் கிட்டிய தீர்வுகளையும் முதலில் சொல்லிவிட்டு, அவை எங்களைக் கொண்டுவந்து நிறுத்திய பழைய கேள்வி ஒன்றைப் பிறகு சொல்கிறோம்.

2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்றில் 'கூடல் ஊர்' என்ற ஊர்ப்பெயரும் 'ஆகோள்' என்ற சொல்லும் உள்ளன. அக்கூடலூரைக் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூராகக் கொள்வாரும் உளர். ஆநிரை கவர்தலைக் குறிக்கும் ஆகோள், தொல்காப்பியப் புறத்திணையியலில் வெட்சித் துறைகளுள் ஒன்றாக வருவது. ஆண்டுதோறும் வகுப்பறையில் இலக்கணச் சொல்லாக நாங்கள் நடத்திவந்தது, பேருந்தேறிப் போய்வரும் தொலைவில் கல்லில் கிடந்திருக்கிறது. அச்செய்தி தந்த கிளர்ச்சிதான் எங்களைப் பள்ளத்தாக்கின் பிற்கால நடுகற்களையும் தேடிப் பார்க்கத் தூண்டியது.

பிற்காலக் கற்களில் பெரும்பாலானவற்றில் எழுத்தில்லை. வரப்போரத்திலும் கண்மாய்க் கரையிலும் புளியமரத்தடியிலும் அவை நிற்கின்றன. மக்கள் அவற்றைக் கும்பிடுகிறார்கள். கும்பிடுவதால்தான் அவை இன்னும் நிற்கின்றன. கும்பிடுவதால்தான் அவற்றைப் படிப்பதும் கடினமாகிறது. எண்ணெயும் சந்தனமும் திருநீறும் அடையடையாய் ஏறி, அதன்மேல் திருவிழாதோறும் எனாமல் பூச்சு விழுந்து, கல்லின் வரிகள் மறைந்துவிடுகின்றன. மைப்படி எடுப்பதென்றால் கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி அறைந்து, மை ஒற்ற வேண்டும். வழிபாட்டிலுள்ள கல்லில் அதைச் செய்ய ஊர் ஒப்பாது. ஒப்பும்படி கேட்பதும் முறையன்று. வெறும் புகைப்படம் எடுத்தாலோ சாயந்தான் கண்ணில் படுகிறதே தவிரக் கல் படுவதில்லை.

இந்த இடத்தில்தான் கணினி உதவிக்கு வந்தது. ஒரு பொருளைச் சுற்றிச்சுற்றி எடுத்த பல புகைப்படங்களிலிருந்து அதன் முப்பரிமாண வடிவை மீட்டெடுக்கும் முறை உண்டு. மெஷ்ரூம் என்னும் இலவச மென்பொருள் அதைச் செய்கிறது. அடுத்தடுத்த படங்கள் மூன்றில் இரண்டு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும், ஜூம் மாற்றக் கூடாது, பிளாஷ் கூடாது, கடும் நிழலும் கூடாது. மேற்கு மலையைத் தாண்டிச் சாரல் வரும் ஆனி, ஆடி மாதங்களின் மூட்டமான வெளிச்சம் இதற்கு வாய்ப்பானது. கல்லின் பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து எடுப்பது நல்லது. இல்லையேல் மூன்றடிக் கல்லா, முப்பதடிக் கல்லா என்பதைக் கணினி அறியாது. மெஷ்ரூம் முழுத்திறனோடு இயங்க என்விடியா வரைகலை அட்டை வேண்டும். துறைக் கணினியில் அது கிடையாது. திருமண ஆல்பம் தயாரிக்கும் பகுதிநேர வேலை பார்க்கும் எங்கள் மாணவர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்தது. இரவெல்லாம் அது ஓடியது.

விளைவதை 'மெஷ்' என்கிறார்கள். நுண்ணிய முக்கோணங்களாலான வலை அது. நாங்கள் எடுத்த நடுகல்லின் வலையில் முப்பத்தெட்டு இலட்சம் முக்கோணங்கள் இருந்தன. இவ்வலையைத் திருத்தவும் செதுக்கவும் வண்ணமிடவும் பயன்படுவதே பிளெண்டர்.

பிளெண்டரின் வரலாறு நம்மவர்க்குப் பிடிக்கும். ஹாலந்து நாட்டவரான டோன் ரோசண்டால் உருவாக்கியது அது. அதை நடத்திய நிறுவனம் மூடப்பட்டபோது, 2002இல் பயனர்களே ஏழு வாரங்களில் ஓரிலட்சம் யூரோ திரட்டி நிரலை விடுவித்துப் பொதுச் சொத்தாக்கினார்கள். செதுக்கும் வசதி 2007இல் சேர்ந்தது. அத்துறையில் பெரும்பெயர் பெற்ற ஸீபிரஷ், சப்ஸ்டன்ஸ் பெயிண்டர் போன்றவை விலை கொடுத்துப் பெற வேண்டியவை. கல்லூரி ஆசிரியரும் கல்விக்கடன் மாணவரும் சேர்ந்த குழுவுக்குப் பிளெண்டரே போதுமானதாயிற்று.

பயிற்சிக்காக உத்தமபாளையம் போனோம். அங்கே கருப்பணசாமி பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. அமர்ந்த திருமேனி ஒன்றைப் பார்த்து, திரையில் ஒரு களிமண் உருண்டையிலிருந்து அதை வடித்துப் பழகினோம். மண் சேர்க்க ஒரு தூரிகை, இழுக்க ஒன்று, தட்டையாக்க ஒன்று, கீறல் போட ஒன்று எனத் தூரிகைகள் பல. கன்ட்ரோல் விசையை அழுத்தினால் மண் சேர்க்கும் தூரிகை தோண்டும் உளியாகிறது. ஷிஃப்ட் விசையை அழுத்தினால் எத்தூரிகையும் மழுக்கும் தூரிகையாகிவிடும். இந்த ஷிஃப்ட் விசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேலையிருக்கிறது.

இனித் தொல்லைகள். கற்கப் புகும் நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதல் தொல்லை, எழுதுகோலுடன் கூடிய வரைபலகை. கை அழுத்தத்துக்கேற்பக் கோடு தடிப்பதும் மெலிவதும்தான் அதன் சிறப்பு. விண்டோஸ் கணினியில் சிலவேளை அழுத்தமே பதிவாகாது. எல்லாக் கோடும் ஒரே தடிப்பில் விழும். பிளெண்டரின் விருப்பத் தேர்வுகளில் உள்ளீடு என்னும் பகுதியில், பலகையோடு பேசும் முறையை 'விண்டேப்' என்றோ 'விண்டோஸ் இங்க்' என்றோ மாற்றிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பலகை பழுதென்று கடைக்குத் தூக்கிச் செல்வதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

இரண்டாவது, மேடு எழுப்ப வேண்டிய தூரிகை பள்ளம் பறிப்பது. வலையின் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் அகம் எது, புறம் எது என்ற குறிப்பு உண்டு. நார்மல் என்பது அதன் பெயர். அது தலைகீழாகியிருந்தால் தூரிகையும் தலைகீழாக நடக்கும். திருத்த நிலைக்குப் போய், முழு வலையையும் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட்டுடன் என் விசையை அழுத்தினால் புறம் புறமாகிவிடும்.

மூன்றாவது, வட்டத் தூரிகை கல்லில் நீள்வட்டமாகப் பதிவது. பொருளின் நீள அகலங்களை மாற்றியபின் அம்மாற்றத்தை நிலைப்படுத்தாததால் வருவது இது. கன்ட்ரோலுடன் ஏ விசையை அழுத்தி அளவை நிலைப்படுத்த வேண்டும். இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சமச்சீர் வசதி. அது இயங்கிக்கொண்டிருந்தால் வலக்கையில் வைக்கும் மண் இடக்கையிலும் ஒட்டும். தீர்த்தங்கரருக்கு அது வசதி. ஒரு கையில் வாளும் மறுகையில் கேடயமும் ஏந்தியவனுக்கு ஆகாது.

நான்காவது, வண்ணம். முப்பரிமாணப் பொருளின் தோலை உரித்துத் தட்டையாக விரித்து, அவ்விரிப்பின்மேல்தான் கணினி வண்ணம் தீட்டுகிறது. யூவி விரிப்பு என்பர். பலாப்பழத்தின் தோலைக் கிழியாமல் பாயாக விரிக்க முடியாதன்றோ? எங்கேனும் அறுக்கத்தான் வேண்டும். அறுத்த விளிம்புகளில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால், வண்ணம் விளிம்பைத் தாண்டிக் கசியும் அளவைக் கூட்ட வேண்டும். இன்னொன்று: தீட்டிய வண்ணம் ஒரு தனிப் படக்கோப்பு. சிற்பக் கோப்பைச் சேமித்தால் மட்டும் போதாது, படத்தையும் தனியே சேமிக்க வேண்டும். அப்படத்தை வேறு அடைவுக்கு மாற்றினால், மறுமுறை திறக்கும்போது வீரன் உச்சி முதல் உள்ளங்கால் வரை பளீரென்ற இளஞ்சிவப்பில் நிற்பான். அஞ்ச வேண்டியதில்லை, படம் இருக்குமிடத்தைக் கணினிக்குக் காட்டிவிட்டால் போதும்.

கடைசித் தொல்லையை வரிசையில் சேர்க்கத் தயக்கமாயிருக்கிறது, ஏனெனில் அது தொல்லை போலவே தோன்றுவதில்லை. புகைப்படம் எட்டாத இடங்களில் வலையில் ஓட்டைகள் விழும். மென்பொருளில் ஓட்டை அடைக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. கொடுத்த மாத்திரத்தில் அடைபட்டுவிடும். அடைத்த இடம் எது, கல்லின் இடம் எது என்று அடைத்தவர்க்கே மறுநாள் தெரியாத அளவுக்கு வழுவழுப்பாக அடைபடும். இதைச் சற்றே நிறுத்திவைத்துவிட்டு, எங்கள் கல்லுக்கு வருகிறோம்.

பள்ளத்தாக்கின் சிற்றூர் ஒன்றில் அக்கல் இருக்கிறது. ஊரார் 'புலிகுத்திச் சாமி' என்கிறார்கள். கொண்டையும், இடையில் செருகிய குறுவாளும் கொண்டு நாயக்கர் காலத்தது என மதிப்பிடலாம். வீரன் வாளோங்கி நிற்கிறான். காலருகே மஞ்சளில் கருங்கோடுகள் போட்ட புலி. முகம் முழுக்கத் தேய்ந்துவிட்டது. தேய்ந்த தளத்தின்மேல் யாரோ கண்ணும் மீசையும் வரைந்திருக்கிறார்கள்.

திரையில் வண்ணத்தை நீக்கிச் சாம்பல் நிறத்தில் கல்லை நிறுத்தினோம். பிளெண்டரில் அது ஒரு சொடுக்கு வேலை. ஒளியைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சினோம். வீரனின் காலருகே இருந்த விலங்குக்குத் திமில் இருந்தது. தலைக்குமேல் கொம்பின் அடி இரண்டு குமிழ்களாய்த் தெரிந்தன. அதன் பின்னால், பூச்சில் முற்றிலும் மறைந்துபோன இன்னொரு திமில். ஐவரும் மாறிமாறி ஒளியைத் திருப்பிப் பார்த்தோம். புலி இல்லை; மாடுகள். ஆநிரைக்காக மாண்டவன் கல் அது. எப்போதோ ஒரு திருவிழாவின்போது, தேய்ந்த விலங்கை இன்னதென்று அறியாத ஓவியர் கோடு போட்டுப் புலியாக்கியிருக்கிறார். அல்லது புலிக்கதை முன்பே இருந்து, கதைக்கேற்பச் சாயம் பூசியிருக்கிறார்.

இந்த இடத்தில் எங்கள் பாடம் எங்களுக்கு நினைவுவந்தது. செதுக்கிய உருவம் மூலம். பூசிய வண்ணம் உரை. உரை மூலத்தைத் துலக்கவும் செய்யும், மறைக்கவும் செய்யும். ஆனால் மூலத்தோடு மாறுபடுகிறது என்பதற்காக உரையைக் கிழித்தெறிவதில்லை நாம். அவ்வுரைகாரர் காலத்தில் அப்பாட்டை எப்படிப் படித்தார்கள் என்பதற்கு அவ்வுரையே சான்று. புலியும் அப்படியொரு சான்று.

கைப்பேசியில் சுழற்றிப் பார்க்கும்படி வடிவை மாற்றி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். படமெடுக்க இசைவு தந்திருந்த பூசாரிப் பெரியவர் கைப்பேசியை வாங்கி நெடுநேரம் திருப்பித்திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார், புலியக் காணோம்?"

"சாயத்துலதான் ஐயா புலி இருக்கு. கல்லுல மாடு தெரியுது. இந்தா பாருங்க, திமிலு."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். திமிலை விரலால் தடவினார், படம் சுழன்றுவிட்டது. மறுபடி திருப்பிக் கொடுத்தோம்.

"எங்க அப்பாரு காலத்துலருந்து புலிகுத்துன சாமின்னுதான் கும்புடுறோம். மாடுன்னா மாட்டையுஞ் சேத்துக் கும்புட்டுட்டுப் போறோம். புலிய மட்டும் அழிச்சிராதீக."

பின்பு தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்ணலாமாமே. சாமிக்கு மூஞ்சியக் கொண்டாந்து, பெருசா ஒரு படம் போட்டுக் குடுத்தீகன்னா கோயில்ல மாட்டுவோம்."

முதல் வேண்டுகோள் எளிது. இரண்டாவதுதான் எங்களைப் பல வாரம் உறங்கவிடவில்லை. கொண்டுவர முடியாதென்பதில்லை. எங்கள் மாணவர் ஒருவர் அதற்குள் மிக நன்றாகத் தேறியிருந்தார். இரண்டு மாலைப்பொழுதில் மீசையும் விழியுமாய் ஒரு முகத்தை வடித்துக் கல்லின் சொரசொரப்பையும் அதன்மேல் ஏற்றிவிடுவார். எவரும் ஐயுறார். அதுவே சிக்கல். ஓட்டையடைக்கும் கட்டளையும் ஷிஃப்ட் விசையும் இங்கே தொல்லை தருவது அவை சரியாக வேலை செய்வதால்தான்.

புறநானூற்றில் 260 முதல் 265 வரையுள்ள பாடல்களில் பெரும்பாலானவை நடுகல்லைப் பேசுபவை. 264ஆம் பாட்டில் கல்லில் பெயர் பொறித்து நடும் வழக்கமே வருகிறது. அவற்றை அடுத்து 267, 268 ஆகிய இரண்டு எண்களும் வெறுமையாய் நிற்கின்றன. அப்பாடல்கள் கிடைக்கவில்லை. 1894இல் அந்நூலைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்கு யாப்பு தெரியாதா, சங்கத் தமிழ் தெரியாதா? இரண்டு பாட்டு எழுதி நிரப்ப அவரினும் வல்லவர் யார்? அவர் வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டார். வரி சிதைந்த இடங்களில் புள்ளிகள் இட்டார். இன்றும் அப்புள்ளிகளை நம்பித்தான் எஞ்சிய சொற்களை நாம் நம்புகிறோம்.

ஆனால் பெரியவர் கேட்டது பதிப்பு அன்று. கும்பிட ஒரு முகம். இல்லையென்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? இத்தாலியில் இதற்கு இணையான இக்கட்டைத் தீர்க்க ஒரு வழி கண்டிருக்கிறார்கள். உரோம் நகரில் 1939இல் தொடங்கிய மைய மீட்டுருவாக்க நிறுவனத்தில், செசாரே பிராண்டியின் வழிகாட்டலில் 1940களில் உருவான முறை அது. டிராட்டெஜ்ஜோ என்று பெயர். பழைய சுவரோவியத்தில் உதிர்ந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். தள்ளி நின்றால் ஓவியம் முழுமையாய்த் தெரியும். அருகே வந்தால் கோடுகள் தெரியும்; இது பின்னவர் கை என்று அவை சொல்லும். கணினிவழி மரபுருக்களை மீட்பவர்களுக்கென 2009இல் திருத்திய வடிவில் வெளியான இலண்டன் சாசனமும், எது சான்று, எது ஊகம் என்பதைக் காண்பவர் அறியச் செய்ய வேண்டும் என்றே வற்புறுத்துகிறது.

இவற்றைக் கலந்து ஒரு முடிவுக்கு வந்தோம். வீரனின் வாளில் கைப்பிடியும் முனையும் எஞ்சியிருக்க, நடுப்பகுதி பெயர்ந்திருந்தது. இருமுனையும் கிடைத்தபின் நடுவை நிரப்புவதில் பிழையில்லை. எதுகையும் தளையும் சுட்டிக்காட்டும் ஒரு சீரை அடைப்புக்குறிக்குள் இடுவதைப் போன்றது அது. அச்செதுக்கலை மூல வலையின்மேல் செய்யவில்லை. ஷேப் கீ என்னும் தனி நிலையில் பதிந்தோம். அதன் மதிப்பைச் சுழியமாக்கினால் முறிந்த வாள். ஒன்றாக்கினால் முழு வாள். இம்முறையைக் கையாள்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஷேப் கீ வைத்தபின் வலையை மறுபின்னல் செய்யும் கட்டளைகளைத் தொடக் கூடாது. முக்கோணங்களின் எண்ணிக்கை மாறினால் பழைய நிலை தொலைந்துபோகும். நிரப்பிய இடத்துக்கு வண்ணம் தீட்டுகையில் கல்லின் நிறத்தையே எடுத்து, ஆனால் நெருங்கிய செங்குத்துக் கோடுகளாகத் தீட்டினோம்.

முகத்துக்கு அந்த உரிமை எங்களுக்கில்லை. இரு முனைகளும் அங்கே கிடைக்கவில்லை. சிற்பி கண் திறப்பதைக் கடைசியில், அதற்கெனச் சடங்கு செய்து, வைத்துக்கொள்வது நம் மரபு. பெயர் தெரியாத ஒருவனுக்குச் சுட்டியால் கண் திறக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் முகமேயில்லாத படத்தைக் கொடுக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஊர் ஓவியர் வரைந்த கண்ணும் மீசையும் வண்ணப் படத்தில் அப்படியே இருந்தனவே! அந்த முகத்தைத்தான் ஊர் இத்தனை காலம் கும்பிட்டிருக்கிறது. அப்படியே வைத்தோம். புலியும் தன் கோடுகளோடு இருந்தது.

இரண்டு படங்களை அச்சிட்டுச் சட்டமிட்டுக் கொடுத்தோம். ஒன்று சாயத்தோடு, ஊர் அறிந்த சாமி. மற்றொன்று சாயம் நீக்கிய கல், முழு வாளும் இரண்டு மாடுகளும் தெரிய. பெரியவர் முதல் படத்தைக் கல்லுக்கு நேர்மேலே மாட்டச் சொன்னார். இரண்டாவதைச் சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "இத மாட்டுப் பொங்கலுக்கு எடுத்து வைப்போம்" என்றார். முகத்தைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. கேட்காததை நிறைவென்று நாங்கள் எடுத்துக்கொள்ளவுமில்லை.

கோப்பில் இப்போது மூன்று அடுக்குகள் உள்ளன. கல், சாயம், நிரப்பியது என்றே பெயரிட்டிருக்கிறோம். கூடவே ஒரு பக்கக் குறிப்பும் உண்டு: எந்நாளில் எத்தனை படம் எடுத்தோம், எவ்விடத்தில் ஓட்டை இருந்தது, எதை அடைத்தோம், எதை விட்டோம் என்று. குறைக்காத முப்பத்தெட்டு இலட்ச வலையைத் தனி வட்டில் கைபடாமல் வைத்திருக்கிறோம். நாளை எவரேனும் திமில் அன்று, தேய்ந்த பாறைமேடு என்று நிறுவ வந்தால், அவர் எங்களை நம்ப வேண்டியதில்லை. அவ்வலையில் விளக்கைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்ததாகக் கண்மாய்க் கரைக் கல் ஒன்று காத்திருக்கிறது. சாரல் தொடங்கட்டும்.